புகாரம்மாவின் மீது ஒரு புகார்

அந்தக் காகிதத்தில் இருந்த அம்மையார் யாரென்று ஹாரன்காரருக்குத் தெரியவில்லை. "பொறுமையின் வடிவம். அமைதியே உருவானவர். அதிர்ந்து ஒரு சொல் பேசாதவர்" என்று மூன்று வரிகள். அதற்கு மேலே புகைப்படத்துக்கு இடம் விட்டு ஒரு கட்டம். வேறு யார் வீட்டு நினைவஞ்சலியோ கை மாறி வந்துவிட்டதோ என்று காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"யாருடா இது?" என்று மகனைக் கேட்டார்.

"அம்மாதான்ப்பா."

"உங்கம்மாவா? அதிர்ந்து பேசாதவளா? அவ மாடியில இருந்து தும்மினா டிப்போவுல நிக்கற பஸ்ஸோட கண்ணாடி ஆடும்டா."

"இறந்துபோனவங்களைப் பத்தி நாலு வார்த்தை நல்லதா எழுதறதுதானேப்பா முறை?"

"நல்லதா எழுது. வேற யாரையோ பத்தி எழுதாதே."

மகன் வங்கியில் மேலாளர். எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. ஆறு வருடம் படுக்கையில் இருந்து, இரண்டு மாதத்துக்கு முன் போய்ச்சேர்ந்த தாயைப் பற்றிப் பொறுமை என்று எழுதாமல் வேறென்ன எழுதுவது என்று அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை. "அப்படின்னா நீங்களே எழுதுங்க," என்றான். "ஞாயித்துக்கிழமை கூட்டம். நாளைக்கு நாலு மணிக்குள்ள அச்சகத்துல குடுத்தாகணும். இருநூறு பிரதி சொல்லியிருக்கேன்."

ஹாரன்காரர் முப்பத்துநான்கு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். எறும்பு குறுக்கே போனாலும் ஹாரன் அடிப்பார் என்று டிப்போவில் வைத்த பெயர், ஓய்வுக்குப் பிறகும் அவரை விடவில்லை. இப்போதும் நடைபாதையில் யாராவது வழிமறித்து நின்றால் அவருடைய வலது கை தானாக எழுந்து காற்றில் எதையோ அழுத்தும். அவருடைய மனைவி அதே டிப்போவில் புகார்ப் பிரிவு எழுத்தர். பயணிகள் எழுதிப் போடும் புகார்களைப் படித்து, சம்பந்தப்பட்ட ஓட்டுநரையோ நடத்துநரையோ மாடிக்கு அழைத்து விசாரித்து, பதில் எழுதி அனுப்புவது வேலை. எல்லாருக்கும் அவர் புகாரம்மா.

புகாரம்மாவின் அறையில் ஓர் இரும்பு அலமாரி, ஒரு மேசை, இரண்டு இருக்கைகள். புகார் கொடுக்க வருபவருக்குக் கை வைத்த நாற்காலி. புகாருக்கு ஆளானவருக்கு ஒரு கால் குட்டையான ஸ்டூல். பொய் சொன்னால் அந்த ஸ்டூல் ஆடும் என்று டிப்போவில் பேச்சு. உண்மை சொன்னாலும் ஆடும் என்பதை ஹாரன்காரர் தன் இருபத்தாறாவது வயதில் அதில் உட்கார்ந்து கண்டுபிடித்தார். ஒரு பயணியின் குடை கதவில் மாட்டி, மூன்று நிறுத்தம் வரை பாதி வெளியே தொங்கிக்கொண்டு வந்த வழக்கு அது.

"குடை வெளியில தொங்கறது உங்களுக்குத் தெரியலையா?"

"உள்ள வந்துட்டதா நினைச்சேன் மேடம்."

"குடைக்காரர் எங்க இருந்தார்?"

"அவர் உள்ளதான் இருந்தார். கைப்பிடியைப் பிடிச்சிக்கிட்டு."

"குடை விரிஞ்சிருந்ததா, மூடியிருந்ததா?"

"மூணாவது ஸ்டாப்லதான் விரிஞ்சுது மேடம்."

புகாரம்மா சிரிக்கவில்லை. "மூன்றாவது நிறுத்தத்தில் விரிந்தது" என்று அழகான எழுத்தில் குறித்துக்கொண்டு, அதன் கீழே அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டார். ஹாரன்காரர் அந்தக் கோட்டில் விழுந்தவர்தான்.

விழுந்தவருக்கு ஒரு சிக்கல். புகார் இல்லாமல் எந்த ஓட்டுநரும் மாடிக்குப் போக முடியாது. நன்றாக வண்டி ஓட்டினால் அந்த முகத்தைப் பார்க்க வழியில்லை. மோசமாக ஓட்டவும் மனசு வரவில்லை. எனவே தன் மீது தானே புகார் எழுத ஆரம்பித்தார். இடது கையால், வேறு வேறு பயணிகள் எழுதியதுபோல. ஓட்டுநர் பாடுகிறார் என்று ஒன்று. ஓட்டுநர் சிவப்பு விளக்கில் தலை சீவுகிறார் என்று இன்னொன்று. ஒவ்வொரு முறையும் மாடிக்கு அழைப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய் ஸ்டூலில் ஆடிவிட்டு வந்தார். பதினோராவது புகாரோடு புகாரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"நான் இந்த வேலைக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு. புகார் எழுதறவங்க யாரும் டிரைவரோட மூக்கு நல்லா இருக்குன்னு எழுதி நான் பார்த்ததில்லை."

ஸ்டூல் ஆடியது.

"பன்னெண்டாவது புகார் வந்தா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. விதி அது. அதனால பன்னெண்டாவதுல என்ன எழுதறதா இருந்தீங்களோ, அதை வாயாலயே சொல்லிடுங்க."

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை மேடம்."

"இது புகாரா?"

"ஆமா மேடம்."

"யார் மேல?"

ஹாரன்காரர் ஸ்டூலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "உங்க மேலதான்," என்றார்.

கல்யாணமான பின்பு புகார்ப் பிரிவு வீட்டுக்கும் வந்துவிட்டது. வாய்ச்சண்டை கூடாது, எதுவாக இருந்தாலும் எழுத்தில் கொடு என்பது வீட்டுச் சட்டம். தேதி, யார் மீது, நடந்தது என்ன, சாட்சி யார் என்று முறைப்படி எழுதி, சமையலறை மேசையில் உப்பு ஜாடிக்கு அடியில் வைக்க வேண்டும். பதில் எழுதுபவர் எப்போதும் ஒருவர்தான், புகார் அவர் மீதே இருந்தாலும். "தாங்கள் விடும் குறட்டையால் தூக்கம் கெடுகிறது" என்று ஹாரன்காரர் ஒருமுறை எழுதி வைத்தார். காலையில் பதில் இருந்தது. "விசாரிக்கப்பட்டது. குறட்டை கேட்டதாகச் சொல்லப்படும் நேரத்தில் புகார்தாரரே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார் என்று எதிர்வீட்டுக்காரர் சாட்சி சொல்லியிருக்கிறார். புகார் முடித்து வைக்கப்படுகிறது." நாற்பத்தொரு வருடத்தில் ஹாரன்காரர் ஒரு வழக்கிலும் ஜெயித்ததில்லை. மேல்முறையீடும் புகாரம்மாவிடமேதான் போக வேண்டியிருந்தது.

பிறகு நோய் வந்தது. முதல் பக்கவாதம் வலது கையையும் காலையும் எடுத்துக்கொண்டது. புகாரம்மா இடது கையால் எழுதப் பழகினார். "உங்க காதல் கடுதாசி மாதிரியே இருக்கு என் எழுத்து," என்று கணவரைச் சீண்டினார். ஒரு வருடம் கழித்து இரண்டாவது வந்து பேச்சையும் கொண்டுபோனது. அதற்கப்புறம் இடது புருவம் ஒன்றுதான் வேலையில் இருந்தது. முன்னறையில் ஜன்னலோரமாகப் போட்ட கட்டிலில் அவர் படுத்திருந்தார். அந்த அறையில் எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

மகனுடைய மகளுக்கு இப்போது எட்டு வயது. அவளுக்குத் தெரிந்த பாட்டி அந்தக் கட்டில் பாட்டிதான். பள்ளியில் 'என் குடும்பம்' என்று ஒரு படம் வரைந்து வந்து ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தாள். அப்பா, அம்மா, தாத்தா, அவள், எல்லாரும் குச்சிக்குச்சியாக நின்றார்கள். பாட்டி மட்டும் படத்தின் அடியில் படுக்கை வசமாக ஒரு கோடு. கோட்டின் ஒரு முனையில் கொஞ்சம் முடி.

ஹாரன்காரர் அந்தப் படத்தைப் பார்த்துக் குழந்தையைக் கோபிக்கவில்லை. கோபிக்க அவருக்கு முகம் இல்லை. இரண்டு மாதமாக யாரிடமும் சொல்லாமல் அவர் வைத்திருந்த சங்கதி அதுதான். கண்ணை மூடினால் அவருக்கும் மனைவி படுத்தபடியேதான் வந்தார். மாடிப்படியில் இறங்கி வரும் புகாரம்மா, இடுப்பில் கை வைத்து நிற்கும் புகாரம்மா, யாரும் வரவில்லை. எவ்வளவு கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன் என்றார். இப்போது இந்த மூன்று வரியும் அச்சாகி இருநூறு பேர் கைக்குப் போய்விட்டால், ஊர் முழுக்க அவளைப் படுக்க வைத்தாயிற்று. அதற்குள் எப்படியாவது அவளை எழுப்பி நிற்க வைத்துவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை, சமையலறை மேசையில் காகிதத்தோடு உட்கார்ந்தார். 'என் அன்பு மனைவியே' என்று ஆரம்பித்தார். அடுத்தவன் கடிதத்தைத் திறந்துவிட்டதுபோல் கூச்சமாக இருந்தது. கிழித்தார். 'இல்லத்தின் விளக்கு' என்றார். புகாரம்மா இருந்திருந்தால், எத்தனை வாட் என்று கேட்டிருப்பார். அதையும் கிழித்தார். 'ஒரு மலர்' என்று எழுதி, அதற்கு மேல் ஓடாமல், மலரின் பக்கத்தில் ஒரு மலரைப் படமாக வரைந்து பார்த்தார். அது ஸ்டியரிங் போல வந்தது. பன்னிரண்டு மணிக்கு மேசையைச் சுற்றி, கூட்டமான நாளில் பஸ்ஸுக்குள் கிடக்கும் டிக்கெட்டுகள் மாதிரி காகிதத் துண்டுகள் கிடந்தன.

பாவம், அவரும் என்ன செய்வார். இருபத்தாறு வயதிலிருந்து அவர் எழுதிய ஒரே விஷயம் புகார். காதலித்தது புகாரில், கொஞ்சியது புகாரில், மன்னிப்புக் கேட்டதும் புகாரில். வேறு எந்தப் பாதைக்கும் அந்தப் பேனாவுக்குப் பெர்மிட் கிடையாது. களைத்துப்போய் இன்னொரு காகிதத்தை இழுத்தார். கை தானாக "தேதி" என்று எழுதியது. அடுத்த வரியில் "யார் மீது: என் மனைவி" என்று எழுதியது. அதற்குப் பிறகு கை நிற்கவில்லை.

"நடந்தது: மேற்படி நபர் சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார். ராஜாவைத் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு, காணோமே தேடுங்க என்று என்னைக் கட்டிலுக்கு அடியில் அனுப்பியிருக்கிறார். கடைசி பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வெறும் பாக்கெட்டைப் பழையபடி மடித்து டப்பாவில் வைப்பார். நான் ஒரு கதை சொல்ல ஆரம்பித்தால் முடிவை அவர் சொல்லிவிடுவார். என் முடிவைவிட அது நன்றாக இருக்கும், இது கூடுதல் குற்றம். ஒருநாள் அவர் வந்து சேர்வதற்குள் நான் பஸ்ஸை எடுத்துவிட்டேன். அதற்காகச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு டிப்போ வாசலிலிருந்து சந்தை நிறுத்தம் வரை ஓடி வந்து, பஸ்ஸை முந்தி, நடுரோட்டில் நின்று கையைக் காட்டி நிறுத்தி, ஏறி, டிக்கெட்டும் வாங்கிக்கொண்டு, 'நாலு நிமிஷம் முன்னாடி எடுத்திருக்கீங்க' என்று எல்லார் முன்னாலும் சொன்னார். சாட்சி: பயணிகள் நாற்பத்திரண்டு பேர். அவர்கள் கை தட்டினார்கள்."

எழுத எழுத, ரோட்டின் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு ஒருத்தி நின்றாள். கொண்டை அவிழ்ந்து, ஒரு கையில் செருப்பு, மறு கை நிறுத்து என்று நீண்டு. ஹாரன்காரர் ஒரு நிமிடம் பேனாவை எடுத்துவிட்டுக் கண்ணை மூடிப் பார்த்தார். நின்றாள். அவசர அவசரமாக, போய்விடப் போகிறாளே என்று, இன்னும் ஒரு பக்கம் எழுதினார். கடைசியில், "கடந்த ஆறு வருடமாக இவர் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. இருப்பதிலேயே பெரிய புகார் அதுதான்" என்று முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

அச்சகக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார்.

"ஐயா, இது நினைவஞ்சலிக்கா, போலீஸ் ஸ்டேஷனுக்கா?"

"நினைவஞ்சலிக்குத்தான்."

"சார் வேற மாதிரி சொல்லியிருந்தாரே. பொறுமை, அமைதின்னு..."

"அந்தம்மா யாருன்னு தெரியலை. இது என் சம்சாரம்."

அச்சகக்காரர் காகிதத்தை மேசையில் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா மேல எனக்கும் ஒண்ணு இருக்குங்கய்யா. என் பொண்ணு கல்யாணப் பத்திரிகை குடுத்தப்போ, தப்பையெல்லாம் சிவப்பு மையில திருத்தி, நூத்துக்கு நாப்பத்தாறுன்னு மார்க் போட்டுத் திருப்பி அனுப்பினாங்க. சொந்தமா அச்சகம் வச்சிருக்கேன், நாப்பத்தாறு! இதையும் கடைசியில சேர்த்துடவா?" என்றார்.

"அதெல்லாம் முடியாது. ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து குடுங்க," என்றார் ஹாரன்காரர்.

ஞாயிற்றுக்கிழமை, நூலக மாடியில் இருந்த கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. பின்வரிசை முழுக்கப் பழைய ஓட்டுநர்களும் நடத்துநர்களும். மகன் வாசலில் நின்று வருகிறவர்களுக்கு ஒவ்வொரு பிரதியாகக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஐம்பதோ அறுபதோ கொடுத்து முடித்த பிறகுதான் அது அளவில் கொஞ்சம் நீளமாக இருக்கிறதே என்று குனிந்து பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு மிச்சப் பிரதிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்வரிசைக்கு ஓடி வந்தான்.

"அப்பா! என்னப்பா இது? ஏமாத்துவார், பிஸ்கட்டைத் திருடுவார்னு... இதுக்கா இருநூறு பிரதி?"

"பத்தாதோ?"

கூடத்தில் பேச்சு அடங்கியது. எல்லாரும் படித்துக்கொண்டிருந்தார்கள். ஹாரன்காரர் திரும்பிப் பார்த்தார். அறுபது பேர் தலை குனிந்து ஒரே காகிதத்தைப் படிப்பதை அவர் அதுவரை பார்த்ததில்லை. இரண்டாம் வரிசையிலிருந்து மூக்கால் சிரித்ததுபோல் ஒரு சத்தம் வந்தது. புகாரம்மாவை ஆறு வருடம் பார்த்துக்கொண்ட நர்ஸ். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டும் அது நிற்கவில்லை. அதே சமயம் பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பழைய டைம் கீப்பர் எழுந்து நின்றார்.

"எனக்கு ஆட்சேபணை இருக்கு. யோவ் ஹாரன், சந்தை ஸ்டாப்ல பிடிச்சாங்கன்னு போட்டிருக்கே. பொய்! அதுக்கும் ரெண்டு ஸ்டாப் தள்ளி, ஆஸ்பத்திரி வாசல்ல பிடிச்சாங்க. ரெஜிஸ்டர்ல எழுதினவன் நான்."

"நீ என்னய்யா எழுதினே?"

"'பஸ் தாமதம். காரணம்: ஓட்டுநரின் மனைவி.' அதுக்கும் மாடிக்குக் கூப்பிட்டாங்க என்னை. காரணம் ஓட்டுநர்தானாம், மனைவி விளைவுதானாம். திருத்தி எழுத வச்சாங்க."

பின்வரிசை வெடித்துச் சிரித்தது. அதோடு ஆளுக்கு ஆள் எழுந்தார்கள். அச்சகக்காரர் நாற்பத்தாறு மார்க்கைச் சொன்னார். நூலகர் அம்மாள், புகாரம்மா எடுத்துப் போன துப்பறியும் நாவல்களில் எல்லாம் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பெயருக்குக் கீழே கோடு போட்டுத் திருப்பித் தந்ததைச் சொன்னார். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊசியை எடுத்தாலே செத்த மாதிரி மூச்சைப் பிடிச்சிக்கிட்டுக் கிடப்பாங்க. ரெண்டு தடவை நான் அலறியடிச்சிக்கிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடியிருக்கேன். திரும்பி வந்தா ஒரு புருவத்தைத் தூக்கிப் பார்ப்பாங்க, எப்படின்னு," என்றார்.

மகனால் பொறுக்க முடியவில்லை. நிலைமையைச் சரிக்கட்ட மைக்கைப் பிடித்தான்.

"எல்லாரும் தயவுசெய்து கேளுங்க. எங்கம்மா உண்மையில ரொம்பப் பொறுமையான..."

"எப்போ?" என்றார் டைம் கீப்பர்.

மகன் ஏதோ தேதியைத் தேடுகிறவன்போல் கூரையைப் பார்த்தான். அவன் முகத்தில் என்னவோ இளகியது. "எனக்கு ஏழு வயசுல," என்றான், மைக்கிலேயே, "தினமும் கேரட் போடறாங்கன்னு ரெண்டு பக்கத்துக்கு ஒரு புகார் எழுதி வச்சேன். 'தங்கள் புகார் பரிவுடன் பரிசீலிக்கப்பட்டது. கேரட் தொடரும்'னு பதில் வந்தது. பரிவுடனாம்! நான் இன்னிக்கு வரைக்கும் வங்கியில யாருக்காவது கடன் இல்லைன்னு எழுதணும்னா அந்த வரியைத்தான் பார்த்து எழுதறேன்." மைக்கை வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே போய் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

இத்தனை அமளியிலும் பேத்தி முன்வரிசையில் கால் எட்டாத நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, எழுத்துக்கூட்டி அந்தக் காகிதத்தைக் கடைசிவரை படித்துவிட்டிருந்தாள். தாத்தாவின் சட்டைக்கையை இழுத்தாள்.

"தாத்தா, பாட்டி ஓடுவாங்களா?"

"ஓடுவாளாவா? பஸ்ஸை முந்திட்டாம்மா. நான் நாப்பதுல போய்க்கிட்டிருந்தேன்."

"பதினெட்டு," என்றார் பின்வரிசையிலிருந்து டைம் கீப்பர்.

"சத்தமா திட்டுவாங்களா?"

"ரெண்டு தெரு கேக்கும்."

பேத்தி யோசித்தாள். பிறகு நாற்காலியிலிருந்து இறங்கி, மற்றவர்கள் செய்ததைப் போலவே எழுந்து நின்றாள். "எனக்கும் ஒரு புகார் இருக்கு," என்றாள். கூடம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. "எல்லாரையும் நின்னுக்கிட்டுத் திட்டியிருக்காங்க. நான் வந்தப்போ மட்டும் படுத்துட்டாங்க. என்னை ஒரு தடவைகூடத் திட்டலை."

நர்ஸ் மறுபடி கைக்குட்டையைத் தேடினார். ஹாரன்காரர் பேத்தி பக்கம் குனிந்தார்.

"சரி," என்றார். "அதுக்கு என்ன பண்ணணும்ங்கறே?"

"எந்திரிச்சு நின்னு என்னையும் திட்டணும்."

ஹாரன்காரர் எழுந்தார். இடது கையை இடுப்பில் வைத்தார். முகவாயைத் தூக்கினார். எழுபது வயது ஓட்டுநரின் உடம்பில், எங்கிருந்தோ படியிறங்கி வந்ததுபோல், ஒருத்தி வந்து நின்றாள். இடது புருவம் மேலே போயிற்று. வந்த குரல் அவருடையது இல்லை.

"என்ன உட்கார்ற லட்சணம் இது? மூட்டை மாதிரி சரிஞ்சுக்கிட்டு? முதுகை நிமிர்த்து!"

பேத்தி கிறீச்சிட்டுச் சிரித்துக்கொண்டு நாற்காலிக்கு ஓடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால், கூடத்தின் கடைசி வரிசையில், பதினாலு பழைய ஓட்டுநர்களும் நடத்துநர்களும் ஒரு டைம் கீப்பரும் ஒரே நேரத்தில் முதுகை நிமிர்த்தி, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்கள்.